பதினான்கு அணிகளும் ஒரே பக்கமும்: பேஸ்பால் ரெஃபரன்ஸ் இணையதளம் குறித்து ஒரு மதிப்புரை

பேஸ்பால் ரெஃபரன்ஸ் இணையதளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பேப் ரூத், வில்லி மேஸ் போன்ற பெருவீரர்களின் பக்கங்களையே எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பக்கங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு புள்ளிவிவரத் தளம் எவ்வளவு நேர்மையாகவும் பொறுமையாகவும் உழைத்திருக்கிறது என்று அறிய அவை போதா. பெருவீரர்களின் கதையை யார் வேண்டுமானாலும் எழுதிவைப்பார்கள். எந்த அணியிலும் வேரூன்றாமல், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பந்து வீசிப் பிழைத்த ஒருவரின் கதையை அத்தளம் எப்படிக் காத்து வைத்திருக்கிறது என்பதே என் அளவுகோல். அதற்காக நான் எடுத்துக்கொண்டது எட்வின் ஜாக்சனின் பக்கம். 2003 முதல் 2019 வரை 17 பருவங்களில் வட அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் 14 அணிகளுக்குப் பந்து வீசி, 107 வெற்றிகளும் 133 தோல்விகளும் கண்டவர் அவர். அத்தனை அணிகளின் சட்டையை அதற்கு முன் எவரும் அணிந்ததில்லை.

இத்தளத்தை 2000ஆம் ஆண்டில் தொடங்கியவர் ஷான் ஃபோர்மன். அப்போது அவர் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்; பிறகு கணிதம் கற்பிக்கும் பேராசிரியரானார். பின்னாளில் அவ்வேலையை விட்டு இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். இன்று பிலடெல்ஃபியாவிலிருந்து இயங்கும் ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் நிறுவனத்தின் தாய்மடி இதுதான். வீரர் பக்கங்கள், அணிப் பக்கங்கள், ஆட்ட விவரங்கள் யாவற்றையும் விளம்பரங்களோடு இலவசமாகப் பார்க்கலாம். பழைய ஆட்டங்களின் பந்துக்குப் பந்து விவரங்களில் பெரும்பகுதி ரெட்ரோஷீட் என்ற தன்னார்வ அமைப்பிடமிருந்து வருகிறது. டெலவேர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் டேவிட் ஸ்மித் 1989இல் தொடங்கிய அமைப்பு அது. பழைய ஸ்கோர் தாள்களைத் தேடி எடுத்து, ஊதியம் ஏதுமின்றிக் கணினியில் ஏற்றியவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. அதை அத்தளம் மறைக்கவில்லை. உரிய இடத்தில் பெயரிட்டுச் சொல்கிறது. இப்பண்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஜாக்சனின் பக்கத்தைத் திறந்ததும் மேலே சட்டை எண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் அணியிலும் அவர் அணிந்த எண், அந்த அணியின் நிறத்தில், சிறு சட்டை வடிவில் இருக்கும். ஒரே அணியில் வாழ்நாளைக் கழித்த வீரரின் பக்கத்தில் இவ்விடத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இங்கே அந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில், எண் எதையும் படிக்காமலேயே, இந்த மனிதரின் தொழில் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது புரிந்துவிடுகிறது. வடிவமைப்பாளர் இதை அலங்காரத்துக்காகச் செய்திருக்கலாம். என்னளவில் பக்கத்தின் மிகச் சிறந்த தகவல் படம் அதுவே.

அதன் அருகில் பிறப்பு விவரம்: 1983 செப்டம்பர் 9, மேற்கு ஜெர்மனியின் நொய்-உல்ம். தந்தை அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றியதால் அங்கே பிறந்தவர். வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில். 2001ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி ஆறாம் சுற்றில் அவரை எடுத்தது. சற்றுக் கீழே அறிமுக ஆட்டத்தின் தேதி: 2003 செப்டம்பர் 9. பிறந்த தேதியும் அறிமுகத் தேதியும் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே இருப்பதால், தன் இருபதாவது பிறந்தநாளில் அவர் மேஜர் லீகில் முதன்முதலாகப் பந்து வீசினார் என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ள முடிகிறது. அந்தத் தேதியைச் சொடுக்கினால் ஆட்டத்தின் முழு விவரமும் திறக்கும். அரிசோனாவுக்கு எதிரான ஆட்டம். எதிரணியின் பந்து வீச்சாளர் ராண்டி ஜான்சன். மறுநாள் நாற்பது வயதை எட்டவிருந்த, அக்காலத்தின் மிக அச்சமூட்டும் இடக்கை வீச்சாளர். ஆட்டத்தை 4-1 என்று வென்றது இருபது வயது இளைஞரின் அணி. மூன்றே சொடுக்குகளில் இவ்வளவும் கிடைக்கிறது. இப்படி ஒன்றைத் தொட்டால் மற்றொன்று திறக்கும் அமைப்புதான் இத்தளத்தின் உயிர்நாடி.

அடுத்து முதன்மை அட்டவணை. பேஸ்பாலுக்குப் புதியவர்களுக்கு இரண்டு தலைப்புகள் மட்டும் தெரிந்தால் போதும். ஒன்று வெற்றி-தோல்விக் கணக்கு, அதாவது அணியின் வெற்றிக்கோ தோல்விக்கோ பொறுப்பானவர் என்று பந்து வீச்சாளரின் பெயரில் எழுதப்படும் ஆட்டங்கள். மற்றது ஈ.ஆர்.ஏ., அதாவது களத் தடுப்பாளர்களின் பிழையால் வந்த ஓட்டங்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பந்து வீச்சாளர் சராசரியாக எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுக்கிறார் என்ற கணக்கு. குறைவாக இருந்தால் நல்லது. மற்ற தலைப்புகளின் மீது சுட்டியை வைத்தாலே விளக்கம் தோன்றுகிறது; ஆகையால் அகராதி தேடி வேறிடம் போக வேண்டியதில்லை.

பல அணிகளுக்கு ஆடியவரின் பருவங்களை அட்டவணை எப்படிக் கையாளுகிறது என்பதை நான் குறிப்பாகப் பார்த்தேன். ஒரே ஆண்டில் இரண்டு அணிகளுக்கு ஆடியிருந்தால், அந்த ஆண்டின் மொத்தம் ஒரு வரியாகவும், அதன் கீழே அணிவாரியான வரிகள் தனித்தனியாகவும் வருகின்றன. 2010ஆம் ஆண்டின் மொத்த வரி 10 வெற்றி, 12 தோல்வி என்கிறது. கீழே பிரித்துப் பார்த்தால் அரிசோனாவில் 6-10, சிகாகோ வைட் சாக்ஸில் 4-2. மொத்த வரியை மட்டும் படித்தவர் சுமாரான ஆண்டு என்று கடந்து போவார். பிரித்துப் படித்தவர் ஓர் ஆண்டுக்குள் இரண்டு வெவ்வேறு வாழ்க்கைகளைக் காண்பார். அட்டவணையின் அடிப்பகுதியில் ஒவ்வோர் அணிக்கும் அவர் தந்த மொத்தக் கணக்கும் கிடைக்கிறது. டெட்ராய்ட் டைகர்ஸிலும் வாஷிங்டன் நேஷனல்ஸிலும் அவர் இருமுறை ஆடியவர். இடையில் பல ஆண்டுகள் கழிந்திருந்தாலும் இரு காலங்களும் அங்கே ஒரே வரியில் சேர்ந்துவிடுகின்றன.

ஒரு பருவத்திலிருந்து இன்னொரு பருவம் வரை வரிகளைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தி 2008 முதல் 2012 வரையான ஐந்து ஆண்டுகளைக் கூட்டினால் 59 வெற்றி, 52 தோல்வி, ஏறத்தாழ 1,000 இன்னிங்ஸ் என்று வருகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 200 இன்னிங்ஸ் வீசும் உடல் எல்லோருக்கும் வாய்க்காது. இந்த ஐந்து ஆண்டுகளில் அவர் ஆடிய அணிகள்: டாம்பா பே ரேஸ், டெட்ராய்ட் டைகர்ஸ், அரிசோனா டயமண்ட்பேக்ஸ், சிகாகோ வைட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், வாஷிங்டன் நேஷனல்ஸ். 2009இல் ஈ.ஆர்.ஏ. 3.62 என்ற நல்ல கணக்கோடு, சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே டைகர்ஸ் அவரை விட்டுக்கொடுத்தது. மோசமாக ஆடுகிறவர்தான் இப்படித் தூக்கியெறியப்படுவார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஜாக்சனின் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தால் அந்த எண்ணம் தகர்ந்துவிடும். அவருடைய மிகச் சிறந்த ஆண்டுகளிலும் அவர் அடிக்கடி இடம் மாறியிருக்கிறார். எல்லா அணிகளுக்கும் தேவைப்பட்டவராக இருந்ததனால் எந்த அணியிலும் நிலைக்க முடியாமல் போனது.

இதை அட்டவணை சொல்லாது. பக்கத்தின் அடியில், பெரும்பாலானோர் இறங்கிப் பார்க்காத இடத்தில் இருக்கும் பரிமாற்றப் பட்டியல்தான் சொல்லும். பேஸ்பால் ரெஃபரன்ஸின் மிக மதிப்புள்ள பகுதி இதுவே என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு வரியிலும் தேதி, எந்த அணி எந்த அணிக்கு அனுப்பியது, பதிலுக்கு யார் வந்தார் என்ற விவரம் இருக்கிறது. 2006 ஜனவரியில் டாட்ஜர்ஸ் அவரையும் இன்னொரு வீரரையும் டாம்பாவுக்கு அனுப்பி, டேனிஸ் பேயெஸ், லான்ஸ் கார்ட்டர் ஆகிய இருவரையும் பெற்றது. 2008 டிசம்பரில் டாம்பா அவரை டைகர்ஸுக்குக் கொடுத்து மேட் ஜாய்ஸைப் பெற்றது. 2009 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ், டைகர்ஸ், டயமண்ட்பேக்ஸ் என மூன்று அணிகள் சேர்ந்து நடத்திய பெரும் பரிமாற்றத்தில் அவர் அரிசோனாவுக்குப் போனார். அதே பரிமாற்றத்தில் கர்டிஸ் கிராண்டர்சன் யாங்கீஸுக்கும், அப்போது இளைஞராயிருந்த மேக்ஸ் ஷெர்சர் டைகர்ஸுக்கும் சென்றனர். ஷெர்சர் பின்னாளில் தம் காலத்தின் தலைசிறந்த பந்து வீச்சாளர்களில் ஒருவரானார். அவருடைய பெயரைச் சொடுக்கி அவர் பக்கத்தின் பரிமாற்றப் பட்டியலுக்குப் போனால், அதே வரி அங்கேயும் இருக்கும். இரண்டு வாழ்க்கைகள் ஒரே நாளில் ஒன்றையொன்று கடந்து சென்ற தடம் இரு பக்கங்களிலும் பதிவாகியிருப்பதைப் பார்க்கையில் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நெகிழ்கிறது.

2011 ஜூலை 27ஆம் தேதிக்கு இப்பட்டியலில் இரண்டு வரிகள். முதல் வரியில் வைட் சாக்ஸ் அவரை டொரான்டோ புளூ ஜேஸுக்கு அனுப்புகிறது. இரண்டாம் வரியில், அதே நாளில், டொரான்டோ அவரைச் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பி, கோல்பி ராஸ்மஸ் உள்ளிட்டோரைப் பெறுகிறது. டொரான்டோவின் சட்டையை அணியாமலேயே அவர் அந்த அணியின் வீரராகி, விலகியும் விட்டார். முதன்மை அட்டவணையில் 2011ஆம் ஆண்டுக்கு டொரான்டோ என்ற வரி கிடையாது. பந்து வீசாதவருக்கு வரி எப்படி வரும்? எண்களை மட்டும் நம்புகிறவருக்கு அந்த ஒரு நாள் நடக்கவேயில்லை. பட்டியலைப் படிக்கிறவருக்கோ அது அந்த ஆண்டின் திருப்புமுனை. ஏனெனில் அவர் போய்ச் சேர்ந்த கார்டினல்ஸ், மேஜர் லீகின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை அந்த ஆண்டு வென்றது. நான்காவது ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசியவர் ஜாக்சன். ஏழு பேருக்கு வாக் (நான்கு தவறான பந்துகளால் அடிக்காமலேயே கிடைக்கும் முதல் தளம்) கொடுத்து, 4-0 என்று தோற்றார். ஆயினும் தொடர் ஏழு ஆட்டங்களுக்கு நீண்டு, சாம்பியன் மோதிரம் அவர் விரலுக்கு வந்தது.

அந்த இரண்டாம் வரியில் இன்னொரு பெயரும் இருக்கிறது: ஆக்டேவியோ டோட்டல். டொரான்டோவிலிருந்து செயின்ட் லூயிஸுக்கு ஜாக்சனோடு ஒரே பரிமாற்றத்தில் வந்தவர். மறு ஆண்டு டைகர்ஸுக்குப் போய், 13 அணிகளுக்கு ஆடிய முதல் வீரர் என்ற சாதனையை டோட்டல் படைத்தார். 2018 ஜூன் 25 அன்று ஓக்லாண்ட் ஏ'ஸ் அணிக்காகக் களமிறங்கி அச்சாதனையைச் சமன் செய்தவரும், 2019 மே 15 அன்று முறியடித்தவரும் ஜாக்சன். முறியடித்தபோது அவர் அணிந்திருந்தது, எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மட்டும் பெயரளவில் தமதாயிருந்த அதே டொரான்டோவின் சட்டை. இந்தத் தொடர்பை எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு வீரர் பக்கங்களின் அடிப்பகுதியை அடுத்தடுத்துத் திறந்து வைத்துப் படித்தபோது தெரியவந்தது. இத்தகைய கண்டுபிடிப்பை வாசகரிடமே விட்டுவைக்கும் தளத்தை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

ஆட்ட விவரப் பக்கங்களின் தரத்தைக் காட்ட 2010 ஜூன் 25 அன்று டாம்பாவில் நடந்த ஆட்டம் ஒன்றே போதும். ஜாக்சன் அன்று நோ-ஹிட்டர் வீசினார். அதாவது எதிரணியினர் ஒருவரும் ஒன்பது இன்னிங்ஸிலும் ஒரு ஹிட் (பந்தை அடித்துத் தளத்தைப் பாதுகாப்பாக அடைவது) கூட எடுக்கவில்லை. எதிரணி, அவரை முன்பு விட்டுக்கொடுத்த அதே டாம்பா பே ரேஸ். முடிவு 1-0, அந்த ஒரே ஓட்டம் ஆடம் லரோஷ் அடித்த ஹோம் ரன். சுருக்கக் கணக்கில் ஜாக்சனின் பெயருக்கு எதிரே உள்ள எண்கள் விசித்திரமானவை: ஹிட் 0, ஓட்டம் 0, ஸ்ட்ரைக் அவுட் 6, வாக் 8, மொத்தப் பந்துகள் 149. நோ-ஹிட்டர் என்றாலே ஆட்டத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த ஒருவரை நாம் கற்பனை செய்கிறோம். கீழே உள்ள நிகழ்வு வரிசையைப் படித்தால் நேர்மாறான காட்சி. முதல் மூன்று இன்னிங்ஸுக்குள்ளேயே ஏழு வாக். மூன்றாவது இன்னிங்ஸில் அடுத்தடுத்து மூவருக்கு வாக் கொடுத்து, ஒருவர்கூட அவுட் ஆகாத நிலையில் மூன்று தளங்களிலும் எதிரணியினர் நிற்கிறார்கள். அவ்விடத்தில் வெற்றி வாய்ப்பைக் காட்டும் கோடு டாம்பாவை நோக்கிச் சரிகிறது. அடுத்த வரிகளில் ஒவ்வொருவராக வெளியேற, ஓட்டம் ஏதும் வராமல் கோடு மீண்டும் நிமிர்கிறது. கடைசி வரியில் ஜேசன் பார்ட்லெட் அடித்த பந்து தரையோடு உருண்டு ஷார்ட்ஸ்டாப் என்ற களத் தடுப்பாளரிடம் செல்ல, ஆட்டம் முடிகிறது. காணொளி எதுவும் பார்க்காமல், வரிகளை மட்டும் படித்தே அந்த இரவின் படபடப்பை உணர முடிகிறது. ஐந்து வாரங்கள் கழிந்ததும், ஜூலை 30 அன்று, அரிசோனா அவரை வைட் சாக்ஸுக்கு அனுப்பிவிட்டது.

அட்டவணையில் லீகிலேயே முதலிடம் பெற்ற எண் தடித்த எழுத்தில் வரும். சிறந்த எண்ணுக்கு மட்டுமல்லாமல், மோசமானதற்கும் இதே முறைதான். 2013இல் சிகாகோ கப்ஸ் அணிக்காக ஜாக்சன் கண்ட 18 தோல்விகள், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகிலேயே அதிகம். அந்த 18 தடித்த எழுத்தில் நிற்கிறது. மறு ஆண்டு 6 வெற்றி, 15 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 6.33. புகழ்ச்சிக்கும் தோல்விக்கும் ஒரே எழுத்தைப் பயன்படுத்தும் இந்த நடுநிலையை நான் மதிக்கிறேன்.

குறை என்று சொல்ல வேண்டியவை சம்பளப் பகுதியிலிருந்து தொடங்குகின்றன. கப்ஸ் அவரோடு செய்துகொண்டது நான்கு ஆண்டுகளுக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம். 2015 ஜூலையில், ஒப்பந்தத்தில் ஓராண்டுக்கு மேல் மிச்சமிருக்கையிலேயே, அவரை விடுவித்தது. பேஸ்பாலில் ஒப்பந்தப் பணம் உறுதி செய்யப்பட்டது. விடுவித்தாலும் கொடுத்தாக வேண்டும். அப்படி விடுவிக்கப்பட்டவரை இன்னோர் அணி எடுத்தால் குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் கொடுத்தால் போதும். மீதியைப் பழைய அணி ஏற்கும். அட்லாண்டா, மயாமி, சான் டியாகோ என்று அடுத்தடுத்து அணிகள் அவருக்கு வாய்ப்பளித்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். செலவு மிகக் குறைவு; தேறினால் இலாபம். ஓர் அலையும் வீச்சாளரின் பிற்பகுதி வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இந்தப் பொருளாதாரம், சம்பள அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு விளங்காது. எண்களின் அருகே ஓரிரு வரி விளக்கம் சேர்த்தால் நன்றாயிருக்கும்.

இரண்டாவது குறை, மேஜர் லீகுக்குக் கீழ்ப்படியான மைனர் லீகின் பதிவுகள் தனிப் பக்கத்தில் ஒதுங்கி இருப்பது. நிலைத்த வீரருக்கு மைனர் லீக் என்பது இளமையின் முன்னுரை. ஜாக்சனைப் போன்றவருக்கோ அது இறுதி வரை திரும்பத் திரும்பப் போய்வர வேண்டிய இடம். 34 வயதில், 2018இன் தொடக்கத்தில், உலகத் தொடர் மோதிரமும் நோ-ஹிட்டரும் உள்ளவர் சிராக்யூஸில் மைனர் லீக் ஆட்டங்களில் வீசிக்கொண்டிருந்தார். பிறகு ஓக்லாண்ட் அமைப்பில் சேர்ந்து, ஜூனில் மேலே வந்து, 17 ஆட்டங்களைத் தொடங்கி, 6-3, ஈ.ஆர்.ஏ. 3.33 என்று வீசினார். ஏ'ஸ் அந்த ஆண்டு 97 ஆட்டங்களை வென்றது. முதன்மைப் பக்கத்தில் அந்த 6-3 மட்டும் தெரிகிறது. அதற்கு முந்தைய இரண்டு மாதப் பேருந்துப் பயணங்கள் தெரிய வேண்டுமானால் இன்னொரு பக்கத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் கால வரிசைப்படி ஒரே அட்டவணையில் காட்டும் தேர்வு ஒன்று முதன்மைப் பக்கத்திலேயே இருந்தால், இத்தகைய வீரர்களின் உண்மையான வாழ்க்கை கண்முன் விரியும்.

2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக ஆடி அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றதும் மேஜர் லீக் கணக்குக்கு வெளியே நிற்கும் செய்தி. 2019இல் டொரான்டோவில் ஈ.ஆர்.ஏ. 11.12, டைகர்ஸையும் சேர்த்து அந்த ஆண்டு முழுவதற்கும் 3-10, 9.58. அட்டவணை அந்த வரியோடு முடிந்துவிடுவதால், தோல்வியோடு மறைந்தவர் போன்ற தோற்றம் ஏற்படுகிறது. அவர் ஓய்வை அறிவித்தது 2022 செப்டம்பரில்தான்.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, கணினித் திரையில் தளம் மிக விரைவாகத் திறக்கிறது; தேடலும் கூர்மையானது; பெயரின் முதற்சில எழுத்துகளிலேயே ஆளைக் காட்டிவிடுகிறது. கைப்பேசியில் அகன்ற அட்டவணைகளைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருப்பதும், இடையிடையே விளம்பரங்கள் குதிப்பதும் எரிச்சல் தருகின்றன. எந்த அட்டவணையையும் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருப்பதால், நீண்ட நேரம் படிக்க விரும்புகிறவர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

இதே நிறுவனம் 2023 ஜூலையில் வாங்கிய இம்மாகுலேட் கிரிட் என்ற விளையாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்றுக்கு மூன்று கட்டம். மேலேயும் பக்கத்திலும் அணிகளின் பெயர்கள். இரண்டு அணிகள் சந்திக்கும் கட்டத்தில், அவ்விரண்டுக்கும் ஆடிய ஒரு வீரரின் பெயரை எழுத வேண்டும். ஒன்பது கட்டத்துக்கு ஒன்பதே வாய்ப்புகள். ஒரே வீரரை இருமுறை எழுதக் கூடாது. நாள்தோறும் புதிய கட்டம். பெருவீரர்கள் இங்கே அவ்வளவாக உதவ மாட்டார்கள். வாழ்நாள் முழுவதும் ஒரே அணியில் ஆடிய டெரிக் ஜீட்டரை வைத்து இரண்டு அணிகளை எப்படி இணைப்பது? 14 அணிகளுக்கு ஆடிய ஜாக்சனை வைத்து 91 அணி இணைகளுக்கு விடை எழுதலாம். பதினெட்டு வயதில் பள்ளியிலிருந்து நேரே ஓக்லாண்டுக்கு வந்து, 2002 வரை 12 அணிகளுக்கு வீசி, 141 வெற்றியும் 186 தோல்வியும் கண்ட மைக் மார்கனும் இங்கே பெருஞ்செல்வம். புகழ் மண்டபத்தில் இடம் கிடைக்காதவர்களின் பெயர்களை இலட்சக்கணக்கானோர் தினமும் காலையில் நினைவின் அடியாழத்திலிருந்து தேடி எடுக்கும்படி செய்த விளையாட்டு இது. விடை எவ்வளவு அரிதோ அவ்வளவு நல்ல மதிப்பெண் என்பதால், எல்லோருக்கும் தோன்றும் ஜாக்சனைத் தவிர்த்து வேறொருவரைத் தேடுவதே நல்ல ஆட்டம் என்று ஆகிவிட்டது. அவருக்கு இதைவிடப் பெரிய கௌரவம் வேண்டியதில்லை.

கிரிக்கெட் வழியாக இங்கே வரும் தமிழ் வாசகர்களுக்கு இந்த உலகம் முற்றிலும் அந்நியமாக இருக்காது. ஐ.பி.எல். போட்டிகளில் ஒன்பது அணிகளுக்கு ஆடிய ஆரோன் ஃபின்ச்சை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கே ஏலமும் இரண்டு மாதப் போட்டியும்தான். பருவத்தின் நடுவில், ஓர் ஊரில் வீடு பிடித்துக் குடும்பத்தை அமர்த்திய பின், ஒரு தொலைபேசி அழைப்பில் வேறு மாநிலத்துக்குப் போகச் சொல்லும் வழக்கம் நமக்குப் பழக்கமில்லாதது. அதைப் புரிந்துகொள்ளப் பரிமாற்றப் பட்டியலைவிடச் சிறந்த பாடநூல் இல்லை.

ஜாக்சனின் சாதனையை 2025 ஜூலை 22 அன்று, 45 வயதில், ரிச் ஹில் சமன் செய்தார். அவருடைய பதினான்காவது அணி கேன்சஸ் சிட்டி ராயல்ஸ். எதிரணி, 2005இல் அவர் அறிமுகமான அதே சிகாகோ கப்ஸ். ஹில்லின் மைனர் லீக் பக்கத்தை அவசியம் பாருங்கள். 2015ஆம் ஆண்டில் லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற சுயேச்சை லீக் அணிக்கு அவர் வீசிய சில இன்னிங்ஸுக்குக்கூட அங்கே தனி வரி உண்டு. எந்த மேஜர் லீக் அணியும் சீண்டாத அந்தக் கோடைக்குப் பிறகுதான் அவர் பாஸ்டனில் நுழைந்து, மறு ஆண்டின் முடிவில் டாட்ஜர்ஸோடு மூன்றாண்டுகளுக்கு 4 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றார். அந்தச் சிறு வரியை விடாமல் பதிந்து வைத்த பொறுப்புணர்வுக்காகவே இத்தளத்தை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

கட்டணம் செலுத்திப் பெறும் ஸ்டாட்ஹெட் சேவை எல்லோருக்கும் தேவைப்படாது. இன்னின்ன நிபந்தனைகளுக்குப் பொருந்தும் வீரர்கள் யார் என்று தரவுக் களஞ்சியம் முழுவதையும் சலித்துப் பார்க்க விரும்பும் எழுத்தாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அது பயன்படும். மற்றவர்களுக்கு இலவசப் பக்கங்களே போதும். குறிப்பிட்ட இரண்டு அணிகளுக்கும் ஆடியவர்களின் பட்டியலைத் தரும் கருவிகூட இலவசப் பகுதியிலேயே இருக்கிறது. அதில் டொரான்டோ, செயின்ட் லூயிஸ் இரண்டையும் தேர்ந்தெடுத்துத் தொடங்கலாம்.